பழவேற்காட்டுக் கழிக்கரை: ஒரு வழிநடை வரலாறு

வழி சொல்லுதலையே ஓர் இலக்கிய வகையாக ஆக்கிக்கொண்ட மொழி தமிழ். பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையோடு எதிர்ப்படும் பாணனுக்கு வழி காட்டுவது ஆற்றுப்படை. சிறுபாணாற்றுப்படை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனை நோக்கிச் செல்பவனை எயிற்பட்டினத்து நெய்தற் கரையின் வழியே நடத்திச் செல்கிறது. பெரும்பாணாற்றுப்படை தொண்டைமான் இளந்திரையனின் கச்சிக்குச் செல்லும் வழியில் கடற்றுறை ஒன்றையும், அங்கு இரவில் மரக்கலங்களுக்கு ஒளி காட்டும் உயர்ந்த மாடத்தையும் காட்டுகிறது. பிற்காலத்தில், அடியவர் கூட்டம் கால்நடையாகத் தலங்களுக்குச் செல்கையில் வழியிலுள்ள ஊர்களையும் சாவடிகளையும் பாடிச் செல்லும் வழிநடைச் சிந்து என்ற வகை தோன்றியது. புலவனின் கற்பனைக்கு முன்னால் நடப்பவனின் கால் செல்ல வேண்டும் என்பது இரண்டுக்கும் பொதுவான விதி. எந்த இடத்தில் எந்த நீர் கிடைக்கும், எவர் வீட்டில் எந்த உணவு கிடைக்கும் என்பவற்றைப் பொய் சொல்ல இயலாது.

பத்துப்பாட்டில் இடம்பெற்ற ஆற்றுப்படைகளில் எதுவும் தொண்டை நாட்டின் வடகிழக்கு மூலைக்கு வரவில்லை. ஆரணியாறும் கொசத்தலையாறும் கடல் சேரும் அந்த மூலையில்தான் இந்தியாவின் உவர்நீர்க் கழிகளுள், ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்துப் பெரியதாகிய பழவேற்காட்டு ஏரி பரந்து கிடக்கிறது. ஏரி என்று மக்கள் வழங்கினாலும் இது ஏரி அன்று. ஏரி என்பது மனிதர் கரை கட்டி, மதகு வைத்து, உழவுக்கு நீர் தேக்கும் இடம். இங்கே கரை கட்டியது கடல். நீளவாக்கில் மணலைக் குவித்துத் தனக்கும் கழிக்கும் இடையில் ஒரு திட்டை அதுவே அமைத்துக்கொண்டது. தென்பாண்டிக் கடற்கரையில் காயல் என்றும், ஈழத்தில் களப்பு என்றும் வழங்கும் சொற்களே இந்நீர்நிலைக்குப் பொருந்துவன. மட்டக்களப்பு என்ற ஊர்ப்பெயரில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. சங்கப் புலவர் கழி என்றனர். அச்சொல்லையே இக்கட்டுரை கையாளும்.

இக்கழிக்கு நடந்து செல்வதற்குச் செல்வம் வேண்டியதில்லை. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் புறநகர் மின்தொடர் வண்டியில் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பழவேற்காட்டுப் பேருந்தில் ஏறினால் போதும். தேர்வாய் கண்டிகை, கண்ணன்கோட்டை போன்ற மேற்குப் பகுதி ஊர்களில் இருப்போர் சத்தியவேடு சாலை வழியாகக் கவரைப்பேட்டைக்கு வந்தால், பொன்னேரி அடுத்த நிலையம். காலையில் புறப்பட்டு மாலையில் மீளலாம். எனினும் தொழிற்பேட்டைகளில் முறைவேலை பார்க்கும் பல்லாயிரவருள்ளும், இம்மாவட்டத்தில் கவிதை எழுதுவோருள்ளும், அந்தப் பேருந்தில் ஏறியோர் எத்தனை பேர் என்று எண்ணினால் சற்று நாணவே வேண்டும். நெய்தலைப் பாடுவோர் பலர், உப்பங்கழியின் சேற்றில் கால் வைத்தவர் சிலர்.

தேர்வாய் கண்டிகையிலிருந்து தொடங்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. கண்டிகை என முடியும் ஊர்ப்பெயர்கள் இவ்வட்டாரத்தில் மிகுதி. எல்லைக்கு அப்பால் தெலுங்கில் கண்ட்ரிக என வழங்கும் ஊர்ப்பெயர் ஈற்றோடு அதனை ஒப்பிடலாம். மொழிகள் கலந்த நாடு இது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோதும், 1960 ஏப்ரல் 1ஆம் நாள் படாஸ்கர் தீர்ப்பின்படி எல்லை திருத்தப்பட்டபோதும் இங்குள்ள ஊர்கள் இப்பக்கமும் அப்பக்கமுமாகப் பிரிந்தன. திருத்தணி தமிழகத்துக்கு வந்தது, பொன்னேரி வட்டத்தின் மேற்கு ஊர்கள் பல சத்தியவேட்டோடு ஆந்திரத்துக்குச் சென்றன. கழியும் பிரிந்தது. நீர்ப்பரப்பின் மிகப் பெரும் பகுதி ஆந்திரத்தில் அமைய, தென்கோடியும் பழவேற்காடு என்னும் ஊரும் தமிழகத்தில் அமைந்தன. கழிக்குப் பெயர் தந்த ஊர் ஒரு மாநிலத்தில், கழியின் பெரும்பகுதி மற்றொரு மாநிலத்தில். பூநாரைக்கு மட்டும் இச்செய்தி எட்டவில்லை.

தேர்வாய் கண்டிகையின் அண்மைக்கால வரலாறு நிலத்தைப் பற்றியது. ஊரார் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் பயன்படுத்தி வந்த காடும் மேய்க்காலுமாகிய 1,127 ஏக்கர் நிலம், 2000க்குப் பின் வந்த முதற் பத்தாண்டின் பிற்பகுதியில் சிப்காட் தொழிற்பூங்காவுக்கு ஒதுக்கப்பட்டது. பெரும்பாலும் தலித் மக்களாகிய ஊரார் எதிர்த்துப் போராடினர். பிரெஞ்சு டயர் நிறுவனமான மிசெலின் அங்குத் தொழிற்சாலை அமைக்க முன்வந்தபோது, ஊர்ச் சங்கமும் தொழிற்சங்கமும் பிறவும் இணைந்து 2012இல் பிரான்சிலேயே, பன்னாட்டு நிறுவனங்களின் நடத்தை நெறிகளைக் கண்காணிக்கும் தேசியத் தொடர்பு மையத்தில் முறையிட்டன. தொழிற்சாலை எழுந்தது. பின்னர் அவ்வூர்ப் பெயரிலேயே கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் 500 மில்லியன் கன அடிக் கொள்ளளவில், சென்னைக் குடிநீருக்காக அமைக்கப்பட்டு, 2020 நவம்பர் 21ஆம் நாள் பயன்பாட்டுக்கு வந்தது. காட்டை இழந்த ஊரின் பெயரைச் சென்னை மக்கள் தண்ணீரோடு அறிந்துகொண்டனர். மேற்கே காட்டுக்கு நேர்ந்தது கிழக்கே கழிக்கும் நேருமோ என்ற வினாவைச் சுமந்துகொண்டே பேருந்தில் ஏற வேண்டியுள்ளது.

நீர்வழிப் பயணம்

பேருந்துக்கு முன் இவ்வழியில் பொதுமக்கள் ஏறிச் சென்றது படகில். 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை உவர்நீர்க் கால்வாய் ஒன்று வெட்டப்பட்டது. அதற்குப் பொருளும் முயற்சியும் தந்த பாசில் காக்ரேனின் பெயரால் அது முதலில் அழைக்கப்பட்டது. பின்னர் கழியையும் இணைத்துக்கொண்டு வடக்கே நீண்டது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த கொடும் பஞ்சத்தில், உணவுக்குக் கூலியாக உடல் உழைப்பைத் தந்த ஏழை மக்கள் வெட்டிய பகுதிகளும் சேர்ந்தே இக்கால்வாய் முழுமையுற்றது. அதற்குச் சூட்டப்பட்ட பெயரோ அக்கால ஆளுநர் பக்கிங்காம் கோமகனுடையது. வெட்டிய கைகளின் பெயர் எந்தக் கால்வாய்க்கும் வருவதில்லை.

ஸ்ரீஅரிக்கோட்டைத் தீவின் காட்டு விறகும், கழியில் வாரிய கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பும், உப்பும் இக்கால்வாய் வழியே சென்னைக்குச் சென்றன. மாநகரின் அடுப்பும் சுவரும் பழவேற்காட்டுக் கழிக்குப் பட்ட கடன் பெரிது. தொடர்வண்டிப் பாதை 1899இல் சென்னையையும் விசயவாடாவையும் இணைத்த பின் படகுகளின் தேவை படிப்படியாகக் குறைந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் புயல்களாலும் பேணுவார் இன்மையாலும் கால்வாய் தூர்ந்தது. இன்று பழவேற்காட்டுச் சாலையில் செல்வோர் கால்வாயின் தடத்தைக் காணலாம், படகைக் காண்பது அரிது.

ஊரும் கல்லறையும்

பழவேற்காடு என்ற பெயரைப் பழமையான வேலங்காடு என்று பிரித்துப் பொருள் கொள்வர். திருவேற்காட்டையும் உடன் வைத்துப் பார்த்தால் அப்பொருள் ஏற்கத்தக்கதே. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீழைக் கடல்களில் உலவிய ஐரோப்பியப் பயணியரான வர்த்தேமாவும் பார்போசாவும் இத்துறையைப் பலேயகாட் என்பதையொத்த ஒலியோடு குறித்தனர். பெகு நாட்டு மாணிக்கமும் வண்ணம் தீட்டிய துணியும் இங்கு விலையாயின.

டச்சுக்காரரின் வருகை 1610இல் விசயநகரப் பேரரசர் இரண்டாம் வேங்கடர் தந்த இசைவோடு உறுதிப்பட்டது. சாந்தோமிலிருந்த போர்ச்சுகீசியர் 1612இல் அவர்தம் பண்டகசாலையைத் தாக்கி அழித்தனர். அடுத்த ஆண்டே கோட்டை எழுந்தது. தலைமை அலுவலர் வெம்மர் வான் பெர்கெமின் தாயகமான கெல்டர்லாந்து மாநிலத்தின் நினைவாகக் கெல்டிரியா எனப் பெயர் பெற்றது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கடற்கரை முழுவதிலும் டச்சு வாணிகத்துக்குப் பழவேற்காடே தலைநகர். 1781இல் நாகப்பட்டினத்தை இழந்த பின் மீண்டும் இவ்வூரின் மதிப்பு சிறிது உயர்ந்தது. எனினும் ஆங்கிலேயர் கைக்கு மாறியும் மீண்டும் நிலைகுலைந்து, கோட்டையும் தகர்க்கப்பட்டு, 1825இல் முற்றாக ஆங்கிலேயர் வசமாயிற்று. இன்று கோட்டை இருந்த இடத்தில் புதர் மண்டிய மேடும் அகழியின் சுவடுமே எஞ்சியுள்ளன.

சென்னை மாநகரின் பிறப்புக்கும் இக்கழிக்கும் உள்ள தொடர்பு பரவலாக அறியப்படவில்லை. டச்சுக்காரரோடு பழவேற்காட்டில் பங்கு பெற முயன்று இயலாமற்போன ஆங்கிலேயர், 1626இல் கழியின் வடகோடிப் பக்கமுள்ள துர்க்கராசப்பட்டினத்தில் ஆர்மகான் என்ற பண்டகசாலையை அமைத்தனர். அங்கிருந்த பிரான்சிசு டே என்பவரே தெற்கே வேறிடம் தேடிச் சென்று, 1639இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் சென்னைப்பட்டின நிலத்துக்கு இசைவு பெற்றார். கழிக்கரையில் இடம் கிடைத்திருந்தால் மாநகரம் எங்கே வளர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது வரலாற்று மாணவர்க்கு விளையாட்டு, பூநாரைகளுக்கு உயிர்ப்பிரச்சினை.

டச்சுக்காரர் இங்கு விரும்பியது துணி. மலுக்குத் தீவுகளில் சாதிக்காயும் கிராம்பும் வாங்க வெள்ளியைவிடச் சோழமண்டலத் துணியே ஏற்ற நாணயமாக இருந்தது. கட்டமிட்ட அத்துணி எந்த ஊரிலிருந்து கப்பலேறியதோ அந்த ஊரின் பெயரையே தனக்குச் சூடிக்கொண்டது. மலாய் மொழியில் கட்டமிட்ட கைலிக்கு இன்றும் காயின் பெலெகாட் என்று பெயர். தமிழகத்துக் கடைகளில் பாளையக்காட்டுக் கைலி என்று கேட்டு வாங்குவோர் தம் இடுப்பில் இருப்பது பழவேற்காட்டின் பெயரென அறியாமலே உடுத்துகின்றனர். கடல் கடந்து சென்ற சொல் கோட்டையைவிட நெடுநாள் வாழ்கிறது.

துணி மட்டும் கப்பலேறவில்லை. போரும் பஞ்சமும் வந்த ஆண்டுகளில் மனிதரும் ஏற்றப்பட்டனர். பதினேழாம் நூற்றாண்டில் இக்கரையிலிருந்து அடிமைகளாகப் பத்தாவியாவுக்கும் பிற டச்சுக் குடியேற்றங்களுக்கும் அனுப்பப்பட்டோர் ஆயிரக்கணக்கானோர். பெற்றோரே பிள்ளைகளை விற்கும் அளவுக்குப் பசி முற்றிய காலங்களில் விலை மிகக் குறைந்தது, ஏற்றுமதி பெருகியது. பழவேற்காட்டைக் கோட்டையும் கொத்தளமும் நிறைந்த பழம்பெருமை நகரமாக மட்டும் எழுதுவோர் இப்பக்கத்தை விரைந்து புரட்டிவிடுகின்றனர். புரட்டக் கூடாத பக்கம் அது.

பேருந்து நிலையத்திலிருந்து நடை தூரத்திலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் இரண்டு எலும்புக்கூட்டு உருவங்கள் கல்லில் செதுக்கப்பட்டு நிற்கின்றன. உள்ளே பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்லறைகளில் பெயரும் பிறந்த ஊரும் இறந்த நாளும் நுணுக்கமாகப் பொறிக்கப்பட்டுள்ளன. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் இது. பிழையற வெட்டப்பட்ட அந்த எழுத்துகளைக் கண்டு வியக்கும்போதே, கப்பலேறியவர்க்கு ஒரு கல்லும் இல்லை என்பதும் நினைவில் எழ வேண்டும்.

கல் இல்லாத மற்றொருவரைத் தமிழ்க் கவிஞர்கள் அறிந்திருத்தல் நன்று. 1630களில் பழவேற்காட்டுக் கோட்டைக்கு மதகுருவாக வந்து பத்தாண்டுக் காலம் பணியாற்றியவர் ஆபிரகாம் ரொகேரியசு. இவ்வூரில் அடைக்கலம் புகுந்திருந்த பத்மநாபன் என்னும் அந்தணர் போர்ச்சுகீசிய மொழியில் அவருக்கு நம் சமயங்களைப் பற்றியும் நூல்களைப் பற்றியும் விளக்கினார். அவ்வுரையாடல்களின் விளைவான நூல் ரொகேரியசு மறைந்த பின், 1651இல் லைடன் நகரில் டச்சு மொழியில் வெளியாயிற்று. அதன் இறுதியில் பர்த்ருஹரியின் சதகங்களின் மொழியாக்கம் இணைக்கப்பட்டிருந்தது. வடமொழிக் கவிதை ஐரோப்பிய மொழி ஒன்றில் அச்சேறியது அதுவே முதன்முறை எனக் கருதப்படுகிறது. வில்லியம் ஜோன்சு கல்கத்தாவில் வந்திறங்குவதற்கு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன், வெடிமருந்தும் துணிமூட்டைகளும் நிறைந்த ஒரு கோட்டையின் நிழலில், வடமொழியிலிருந்து போர்ச்சுகீசியத்துக்கும் அதிலிருந்து டச்சுக்கும் ஒரு கவிஞன் பயணம் செய்திருக்கிறான். இலக்கிய வட்டங்கள் நினைவுகூரத் தக்க இடம் பழவேற்காட்டில் உண்டென்றால், அது பத்மநாபனும் ரொகேரியசும் அமர்ந்து பேசிய, இன்று இன்னதென்று சுட்ட முடியாத அந்தத் திண்ணையே.

ஊருக்குள் விசயநகரக் காலக் கலைப்பாணியில் அமைந்த ஆதிநாராயணப் பெருமாள் கோயில் உள்ளது. செம்புரைக் கல்லாலான அக்கோயிலில் இராமாயணக் காட்சிகள் கைவிரல் அளவுச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. முசுலிம் தெருக்களில் அரபு எழுத்தில் தமிழை எழுதும் அர்வி மரபு நெடுங்காலம் வாழ்ந்தது. சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்க அமைந்த நிழற்கடிகாரம் உண்டு. முசுலிம் பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைவதில் பெயர் பெற்றவர்கள். இவையெல்லாம் அரைநாள் நடைக்குள் அடங்குவன.

பாடு

கரைக்கு வந்ததும் பார்வையாளர் கண் பூநாரையைத் தேடும். சற்றுப் பொறுத்து, நீரில் நட்டிருக்கும் கழிகளையும் அவற்றில் கட்டிய வலைகளையும் காண வேண்டும். இக்கழியின் உண்மையான வரலாறு அங்கே எழுதப்பட்டுள்ளது.

பழவேற்காட்டு மீனவரிடையே, குறிப்பாகப் பட்டினவர் வாழும் கோட்டைக்குப்பம், நடூர்மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில், பாடு என்னும் முறை தலைமுறைகளாக நிலவுகிறது. இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் சிலவே, வலை வைத்திருப்போரோ பலர். எனவே எந்த நாளில் எந்தக் குழு எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பது சீட்டுக் குலுக்கி முடிவு செய்யப்படும். இன்று நல்ல இடம் பெற்றவன் நாளை குறைவான இடத்துக்குப் போவான், முறை சுழன்று வரும். ஊரின் உறுப்பினராக ஏற்கப்பட்டவர்க்கே பாட்டில் பங்கு. வலையின் வகைக்கும் கட்டுப்பாடு உண்டு. முறை தவறியவரை ஊர்க்கூட்டம் கண்டிக்கும். பொதுவளத்தை மக்களே பகிர்ந்து ஆளும் ஏற்பாடுகளை ஆராயும் உலக அறிஞர் இம்முறையைப் பற்றி விரிவாக எழுதியுள்ளனர்.

பாடு என்ற சொல்லே ஓர் ஆய்வுக்குரியது. கிடைத்த மீனைக் கடற்கரை மக்கள் மீன்பாடு என்பர். உழைப்பின் துன்பமும் பாடு, படுவதனால் கிடைப்பதும் பாடு, பங்கிட்ட இடமும் பாடு. அகராதி தனித்தனியே எண்ணிட்டுத் தரும் பொருள்களை ஒரு மீனவர் ஊர்க்கூட்டம் ஒரே சொல்லில் கட்டி வைத்திருக்கிறது.

இம்முறையைக் குறையற்றதென்று புகழ்வது உண்மையாகாது. பாட்டில் பங்கு இல்லாதோரும் கழியை நம்பி வாழ்கின்றனர். இருளர் மக்கள், ஆண்களும் பெண்களுமாக, இடுப்பளவு நீரில் அமர்ந்தும் தவழ்ந்தும் சேற்றில் கையால் தடவி இறால் பிடித்து ஓலைப்பறியில் சேர்ப்பர். அவர்க்கு வலையும் இல்லை, பாடும் இல்லை. சாதியால் வகுத்த வேலியும் இந்நீரில் உண்டு என்பதை மறைத்து எழுதினால் அது சுற்றுலாக் கையேடாகுமே தவிர வரலாறாகாது. கழி முழுவதையும் சூழ்ந்த வாழ்வின் மற்றொரு பக்கத்தை ஆந்திரக் கரையிலிருந்து தெலுங்கில் எழுதியவர் ச.வெம். ரமேஷ். அப்பகுதியில் கழிக்கு வழங்கும் பிரளய காவேரி என்ற பெயரையே தம் கதைத் தொகுதிக்கு அவர் சூட்டினார். தமிழ்க் கரையிலிருந்து அதற்கு இணையான படைப்பொன்று இன்னும் வர வேண்டியிருக்கிறது.

பறவையும் சட்டமும்

கழியின் ஆழம் பெரும்பாலும் ஓர் ஆள் நின்று நடக்கும் அளவே. ஆற்று நன்னீரும் கடலுப்பும் கலக்கும் இச்சேற்றில் சிற்றுயிர்கள் பெருகுகின்றன. அவற்றை நாடி வடகிழக்குப் பருவமழைக் காலத்தை ஒட்டிப் பறவைகள் வருகின்றன. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகை மேல்கீழாக நீரில் செலுத்தி, சல்லடைபோல் வடிகட்டி உண்ணும். அதன் செந்நிறமே அது உண்ணும் சிற்றுயிர்களிலிருந்து பெறுவது. நம் நாட்டில் அதன் பெரிய இனப்பெருக்கக் களம் கச்சுப் பாலைவனத்து உவர்நிலம், பறவையியலறிஞர் சாலிம் அலி அங்குச் சென்று ஆராய்ந்துள்ளார். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் அண்மையிலுள்ள நெலப்பட்டு போன்ற இடங்களில் கூடு கட்டிக் கழியில் இரை தேடும். உள்ளானும் ஆலாவும் சேற்றோரத்தில் கூட்டமாகத் திரியும்.

நடப்பவர்க்குத் துணையாகக் கையில் கொள்ளத் தக்க தமிழ் நூல் ஒன்று உண்டு. பி.எல். சாமியின் சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம். ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தற் பகுதியில் வெள்ளாங்குருகுக்கு ஒரு பத்தும் சிறுவெண்காக்கைக்கு ஒரு பத்தும் உள்ளன. உரையாசிரியர் பலர் பறவை விசேடம் என்று கடந்து சென்ற இடங்களில் நின்று, இது எந்தப் பறவை என்று கேட்டவர் சாமி. சத்திமுத்தப் புலவர் நாரையை விளித்துப் பாடிய தனிப்பாடல், அப்பறவை துணையோடு தெற்கும் வடக்குமாக வலசை போவதை அறிந்து பாடியது. வகுப்பறையில் அதனை வறுமைப் பாட்டாக மட்டும் கற்பிக்கிறோம். வலசை பற்றிய தமிழர் அறிவுக்கும் அது சான்று.

ஆந்திர அரசு தன் பகுதிக் கழியை 1976இலும், தமிழக அரசு தன் பகுதியில் 153.67 சதுர கிலோமீட்டரை 1980இலும் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த இவ்வறிவிப்பு, ஏற்கெனவே பாட்டால் ஆளப்பட்டுவந்த நீரின்மீது இரண்டாவதாக ஓர் ஆட்சியை விரித்தது. சரணாலய வரலாற்றை 1980இல் தொடங்குவது வழக்கம். அது பிழையான தொடக்கம். அவ்வாண்டில் பறவைகளும் மீனும் எஞ்சியிருந்ததற்கு, அதற்கு முன் வலையின் கண்ணையும் நாளின் முறையையும் கட்டுப்படுத்திய ஊர்க்கூட்டங்களுக்கும் பங்கு உண்டு. அவர்களை அயலாராக நடத்தும் எந்தப் பாதுகாப்பும் நிலைக்காது.

கழியை நாடிவந்த பெருந்தொழில்களின் நிரல் நீளமானது. ஸ்ரீஅரிக்கோட்டைத் தீவு விண்வெளித் துறைக்காகக் கையகப்படுத்தப்பட்டு, 1971 முதல் அங்கிருந்து ஏவுகலங்கள் எழுகின்றன. தீவின் பழங்குடியினரான யானாதிகளும் பிற குடிகளும் இடம்பெயர்ந்தனர். மனிதர் அகற்றப்பட்டதால் காடு பிழைத்தது என்பதும் உண்மை, கழிப்பகுதியின் முரண்களுள் அதுவும் ஒன்று. 1990களில் இறால் பண்ணைகள் கடற்கரை எங்கும் பரவியபோது, காந்தியவாதி ச. ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11ஆம் நாள் வழங்கிய தீர்ப்பு, சில்காவையும் பழவேற்காட்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றிலிருந்து ஆயிரம் மீட்டருக்குள் அத்தொழிலைத் தடை செய்தது. கீழத்தஞ்சையில் உழவர்க்காகப் போராடிய முதியவர் ஒருவரின் மனு, அவர் வாழ்ந்த ஊருக்கு மிகத் தொலைவிலுள்ள இக்கழிக்கும் அரணாயிற்று.

தெற்கே எண்ணூர்த் துறைமுகம் 2001இல் இயங்கத் தொடங்கியது. பின்னர்க் காட்டுப்பள்ளித் துறைமுகமும் எழுந்தது. சோழமண்டலக் கரையில் அலை ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகிறது. கடலுக்குள் நீட்டிய கற்சுவர் அதனைத் தடுத்தால் தென்பக்கம் மணல் சேரும், வடபக்கம் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டிய பின் மெரினா அகன்றதும் இராயபுரம் அரிக்கப்பட்டதும் இதனால்தான். பழவேற்காடு இத்துறைமுகங்களுக்கு வடக்கே இருக்கிறது. காட்டுப்பள்ளி விரிவாக்கத் திட்டத்தை மீனவர் எதிர்ப்பதன் காரணம் இந்த ஒரு தொடரில் அடங்கும். 2021, 2023 ஆம் ஆண்டுகளில் அறிவிக்கப்பட்ட பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்ட திட்டு மெலிந்து உடைந்தால், கழி கடலோடு ஒன்றாகிவிடும் என்பது அவர்தம் அச்சம்.

திட்டின் மேல்

ஊரிலிருந்து பாலத்தைக் கடந்தால் அந்தத் திட்டின் மேலேயே நடக்கலாம். லைட் அவுசு குப்பம் என மக்கள் வழங்கும் பகுதி அது. 1859இல் இங்கு முதலில் கலங்கரை விளக்கம் அமைந்தது. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் அசையாத கழி. வடக்கே நடந்தால் முகத்துவாரம். கோடையில் மணல் அதனை அடைத்துவிடும். அடைந்தால் கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வராது, கழியின் உப்பு ஏறும், படகு கடலுக்குப் போகாது. மீனவர் கூடி வெட்டித் திறப்பதுண்டு. மழை வந்து ஆரணியாறு பெருகினால் வெள்ளமே உடைத்துத் திறக்கும்.

படகில் சுற்றுவதைக் காட்டிலும் கரையில் நடப்பதே இங்கு நன்று. 2011 டிசம்பர் 25ஆம் நாள், விழா விடுமுறையில் வந்த குடும்பங்களை ஏற்றிச் சென்ற படகு முகத்துவாரப் பக்கம் கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அவருள் குழந்தைகளும் பெண்களும் அடங்குவர். ஆழமற்ற நீர் என்ற எண்ணத்தில் பாதுகாப்பு அங்கி இல்லாமல் அளவுக்கு மீறி ஏறியதன் விளைவு அது. நடையிலும் நெறி உண்டு. பூநாரைக் கூட்டத்தை நெருங்கி எழுப்பினால், அது பறப்பதில் செலவிடும் வலிமை வலசைக்குச் சேர்த்த உணவிலிருந்து கழியும். உலர்த்தியிருக்கும் வலையைத் தாண்டக் கூடாது. வெயில் ஏறுமுன் நடையை முடிப்பது நலம், திட்டில் நிழல் குறைவு, குடிநீர் ஊரிலிருந்தே கொண்டு செல்ல வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம்.

மாலையில் கழியின் மேற்குக் கரைக்குப் பின்னால் கதிர் இறங்கும் நேரத்தில் வலை கட்டச் செல்லும் படகுகள் ஒவ்வொன்றாகத் தம் இடத்துக்குப் போகும். அன்று எவருக்கு எந்த இடம் என்பது முன்பே சீட்டில் விழுந்திருக்கும். பொன்னேரிக்குச் செல்லும் பேருந்து ஊர் நடுவிலிருந்து புறப்படுகிறது. கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் மீள்வோர் பொன்னேரியில் வடக்கு நோக்கிய வண்டியின் நேரத்தைக் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.